சூலூர் வாழைக்கு வேர் வைக்கப் போன நிபுணர்

விமான நிலைய வாசலில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் ஓர் அட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் ‘மலேசிய நிபுணர்’ என்று எழுதியிருந்தது. யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலும் என்று அவரைத் தாண்டிப் போய் என் பெயர் எழுதிய அட்டையைத் தேடினேன். கால் மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. மிச்சமிருந்தது அவரும் நானும்தான்.

“ஏனுங்க, நிபுணர் நீங்களுங்களா?”

“அப்படித்தான் போல,” என்றேன்.

அவர் டிரைவர் மயில்சாமி. அம்பாசடரின் பின் சீட்டில் துண்டு விரித்து என்னை உட்காரவைத்தார். நிபுணர் என்ற பட்டம் எனக்கு வந்து அப்போது ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. தெலுக் இந்தானில் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். பாட்டில் கழுவச் சேர்ந்தவன், வாழைக்குக் கூழ் காய்ச்சும் அறைக்குப் பொறுப்பாளன் ஆனதே பெரிய விஷயம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எங்கள் சீன முதலாளியிடம் ஆள் கேட்டிருந்தார். போக வேண்டிய டாக்டரம்மாவுக்குப் பிரசவ நேரம். “நீ தமிழன், அவர்களும் தமிழர்கள், பேசினால் வேர் வந்துவிடும்,” என்று என்னை ஏற்றிவிட்டார் முதலாளி.

விஷயம் இவ்வளவுதான். வாழைக் குருத்தின் நுனியில் ஒரு துணுக்கை வெட்டி, பாட்டிலுக்குள் கடல்பாசிக் கூழின் மேல் வைத்து, ஒரு ஹார்மோனைக் கொடுத்தால் அது பெருகும். ஒன்று பத்தாகும், பத்து நூறாகும். எல்லாம் குருத்துதான், ஒன்றுக்கும் வேர் இருக்காது. அதன்பின் கூழை மாற்றி, ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோனைத் துளி கலந்தால் வேர் விடும். குறைந்தால் வேர் வராது. கூடினால் வேருக்குப் பதில் கட்டிகட்டியாக ஏதோ வரும். சூலூரில் பத்துக்கு ஏழுதான் வேர் விடுகிறதாம். அந்த ஏழை ஒன்பதாக்க வேண்டும். அதற்குத்தான் நான்.

பாதி வழியில் ஒரு ரயில்வே கேட்டருகே கார் நின்றுவிட்டது. மயில்சாமி இறங்கி, டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்து, “ஏனுங்க, சித்த தள்ளிவுட்டுப் போறீங்களா?” என்றார். ஆறு பேர் வந்து தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே ஒருவர் ஜன்னல் வழியாக, “எந்தூருங்க? தண்ணி ஒத்துக்குச்சுங்களா?” என்று விசாரித்தார். எங்கள் ஊரில் கார் நின்றால் பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே படுத்துவிடுவான். இங்கே தள்ளி முடித்ததும் அவர்களே நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

சூலூரில் ஒரே வளாகத்துக்குள் எல்லாம் இருந்தது. முன்னால் பம்ப் செய்யும் பட்டறை, நடுவில் வீடு, பின்னால் நீளமான ஷெட். பட்டறை வீட்டுப் பெரியவருடையது. ஷெட்டும் அவர் இடம்தான்; அதில் தொழில் நடத்தியவர் எங்கள் முதலாளியிடம் ஆள் கேட்ட மகன் ரங்கராஜ். அதுதான் வாழைக் கூடம். இரவு இலையில் அரிசிம்பருப்புச் சோறு விழுந்தது. அதாவது அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு, மேலே ஒரு கரண்டி நெய். போதும் என்று கையை இலைமேல் விரித்தேன். விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி நெய் வந்தது.

அப்பாவும் மகனும் எனக்கு இருபுறமும் உட்கார்ந்து தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். நான் பிறந்த மலேசிய ரப்பர் தோட்டத்தில் பாதி வீடுகள் தெலுங்கு வீடுகள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

“இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் உனக்கு நேரம்,” என்றார் பெரியவர். “அன்னைக்கு நூறு பாட்டிலை நானே எடுத்துப் பார்ப்பேன். முக்காலுக்கு மேல வேர் இருந்தா ஷெட் உனக்கு. இல்லாட்டி தறி போட்டுருவேன், ஆள் கேட்டுட்டு இருக்கான்.”

“அதுக்குத்தானே அப்பா இவரை வரவழைச்சிருக்கேன்.”

“இந்த ஆளைப் பார்த்தா பாட்டில் கழுவுறவன் மாதிரி இருக்கு.”

காலையில் சந்தகை வைத்தார்கள், இடியாப்பம் மாதிரிப் பிழிந்தது. நான் பெரியவரைப் பார்த்து, தேங்காய்ப்பாலை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லித் தெலுங்கில் கேட்டேன். பெரியவருக்குப் புரையேறி, மருமகள் ஓடிவந்து தலையில் தட்டவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவர் என்னை ‘நிபுணருங்க’ என்றே கூப்பிட்டார். ஆனால் கெடு மாறவில்லை. ரங்கராஜ் என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்: “சார், நாலு வருசமா ராப்பகலா இதுக்குள்ளயே கெடக்கறனுங்க. எட்டுப் பொண்ணுங்க வேல செய்யறாங்க. தறி வந்துட்டா எல்லாரும் போயிருவாங்க. உங்களத்தானுங்க நம்பியிருக்கறேன்.”

கூழ் காய்ச்சும் அறைக்கு அங்கே பெயர் சமையல்கட்டு. அதற்குப் பொறுப்பு துளசிமணி. நாற்பது வயதிருக்கும், நெற்றியில் பெரிய பொட்டு, பேச்சு கம்மி. நான் போனபோது ஆக்சின் கரைசலைப் பிப்பெட்டில் உறிஞ்சிக் கூழில் விட்டுக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளில் லிட்டருக்கு ஒரு மில்லி என்று இருந்தது. அவர் விட்டது இரண்டு.

“ஏம்மா ரெண்டு விடுறீங்க?”

“சும்மாதானுங்க. கொஞ்சம் எச்சா இருக்கட்டும்னுங்க.”

அகப்பட்டது! முதல் நாளே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்த ஊரில் எதையும் எச்சாகத்தான் கொடுக்கிறார்கள். பால்காரர் அளந்து ஊற்றியபின் ஒரு குலுக்கு எச்சு. பூக்காரம்மா முழத்துக்கு மேல் ஒரு சாண் எச்சு. நெய்யைப் பற்றித்தான் சொன்னேனே. விருந்துக்குச் சரி, ஹார்மோனுக்குச் செல்லுமா? ஆக்சின் என்றால் என்ன, மில்லிகிராம் என்றால் என்ன, அளவு மீறினால் என்ன கேடு என்று எட்டுப் பெண்களையும் நிற்கவைத்து இருபது நிமிடம் வெளுத்து வாங்கினேன். துளசிமணி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “சரிங்க” என்றார். முடிவில், “சாப்டீங்களா சார்?” என்று கேட்டார்.

இன்னொரு குறையும் கண்டேன். அந்தக் கரைசல் வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும். அதை ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்திருந்தார்கள். மயில்சாமி சபரிமலைக்குக் கட்டிய போன வருடத்துக் கறுப்பு வேட்டியில் ஒரு முழம் கிழித்து பாட்டிலைச் சுற்றவைத்தேன். எல்லாக் கூழும் இனிமேல் தாளில் உள்ளபடி ஒரு மில்லிதான் என்று உத்தரவு போட்டேன். தண்ணீரில் குறை சொல்லலாமா என்று பார்த்தேன். ஊரே பெருமை பேசும் சிறுவாணித் தண்ணீரை டின்னில் கொண்டுவந்து, அதையும் காய்ச்சி வடித்துப் பயன்படுத்துகிறார்கள். எந்தத் தண்ணீரை வடித்தாலும் ஒன்றுதானே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை உக்கடம் போய்ப் பெரிய குளத்தைப் பார்த்தேன், ஒரு கடையில் மீன் வறுவல் தின்றேன். காரம் மண்டைக்கு ஏறியது. எங்கள் ஊரில் இதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளரித் துண்டாவது வைப்பார்கள். திரும்பும்போது நின்றிருந்த பஸ்ஸில் கண்டக்டரிடம், “சூலூர் போகுங்களா?” என்று கேட்டேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, “ஏறுங்க, போலாமுங்க,” என்றார். ஜன்னலோரம் இடம் பிடித்துத் தந்தார். ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. முக்கால் மணி நேரத்துக்குப் பின் ரோட்டோர மரங்கள் எல்லாம் சாம்பல் நிறமாக மாறியபோதுதான் சந்தேகம் வந்தது. அது மதுக்கரை; சிமெண்டு ஆலை ஊர். சூலூரோ கோயம்புத்தூருக்கு நேர் மறுகோடியில் இருக்கிறது.

“என்னங்க இது, சூலூர் போகும்னு சொன்னீங்களே!”

“போகாதுங்க. ஆனா வண்டியக் கண்டுபோட்டு ஆசையா வந்து கேட்டீங்க. இல்லைன்னு மொகத்துல அடிச்சாப்பல எப்புடீங்க சொல்றது? இதே வண்டி திரும்பிப் போவும், உக்கடத்துல நானே சூலூர் வண்டிக்கு வழி சொல்லியுடறனுங்க.”

கோபத்தில் நான் தமிழ், மலாய் இரண்டிலும் சத்தம் போட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பும் டிக்கெட்டுக்குப் பணம் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். தலையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

பன்னிரண்டாம் நாள் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இலை பச்சைப்பசேல் என்று இருந்தது. அடியில் வேர் இல்லை. அடுத்த பாட்டில், இல்லை. அடுத்த அலமாரி, இல்லை. பத்துக்கு ஏழாவது இருந்த இடத்தில் பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பெண்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மும்முரமாகப் பாட்டில் துடைத்தார்கள்.

அன்றைக்கென்று பார்த்துத் தறிக்காரர் டேப்போடு வந்துவிட்டார். ஷெட்டின் நீள அகலத்தை அளந்தார். “சித்த காலைத் தூக்குங்க,” என்று என் காலுக்கடியில் டேப்பை விட்டு இழுத்தார். ஒரு தறிக்கு எத்தனை அடி வேண்டும் என்று என்னிடமே விளக்கவும் செய்தார். ரங்கராஜ் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. “உங்களுக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சுங்களா சார்?” என்று கேட்டார்.

ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டேன். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஓட அவர் மலாயில் கத்தியதன் சுருக்கம்: வேர் வராமல் நீ வராதே.

திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சர்க்கரை சரி. கடல்பாசி சரி. புளிப்பு சரி. கடைசியில் மிஞ்சியது கூழை ஆவியில் அவித்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ். பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் காட்டும் முள் சரியாகப் பதினைந்தில் நின்றது. நேரமும் இருபது நிமிடம் காட்டியது. ஆனால் அதில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. பட்டறை வாசலில் நின்ற பெரியவரிடம், இது எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “வாங்குறதுங்களா? நம்ம பட்டறையில நானே செஞ்சதுங்க. பையன் மேல எத்தன கோவம் இருந்தாலும் சாமானத்துல கொறை வெக்கலாமுங்களா?”

“முள் சரியா காட்டுதுங்களா?”

“பதினஞ்சு காட்டுனா உள்ள இருவது இருக்குமுங்க,” என்றார் பெருமையாக. “இருவது நிமிசம்னா முப்பது நிமிசம் ஓடும். எங்க பம்பும் அப்புடித்தானுங்க. அஞ்சு எச்.பி.ன்னு எழுதி ஆறு குடுப்போம். எழுதுனதுக்கு மேல குடுக்கறதுதானுங்க எங்க வழக்கம். வாங்கறவங்க வயிறு எரியக் கூடாதுங்களே!”

அந்த ஆக்சினுக்குச் சூடு ஆகாது. அளவான சூட்டிலேயே கொஞ்சம் கெடும். பெரியவர் பாசத்தோடு செய்த மெசினில் பாதிக்கு மேல் கருகிப்போயிருக்கும். துளசிமணி இரண்டு மில்லி விட்டபோது ஏறக்குறைய ஒன்று மிஞ்சியது, வேர் வந்தது. நான் ஒன்று விடச் சொன்னேன், அரைகூட மிஞ்சவில்லை, வேரும் வரவில்லை.

சமையல்கட்டுக்கு ஓடினேன். “ஏம்மா, நீங்க ரெண்டு விட்டது சும்மா இல்லையே?”

துளசிமணி கையைத் துடைத்துவிட்டு, தகர டப்பாவுக்குள்ளிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்துக் கொடுத்தார். நாள்காட்டியில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலில் எழுதியிருந்தது: ஒன்று விட்டால் எத்தனை வேர், ஒன்றரை விட்டால் எத்தனை, இரண்டுக்கு எத்தனை, இரண்டரைக்கு எத்தனை. இரண்டரையில் கட்டி வந்திருக்கிறது. ஒரு வருடமாக வாரம் ஒரு வரிசை பாட்டிலில் பார்த்திருக்கிறார். எங்கள் டாக்டரம்மாவே இவ்வளவு பொறுமையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

“இதை ஏம்மா அன்னைக்கே சொல்லலே? நான் இருபது நிமிஷம் கத்தினேனே!”

“நீங்க கடல் தாண்டி வந்திருக்கீங்க. அத்தனை பொண்ணுங்க முன்னால, இல்லீங்க தப்புங்கன்னு சொல்லிப்போட்டா உங்க மொகம் வாடிப்போயிருமுங்களே.”

வெட்கத்தில் எனக்குக் காது மடல் எரிந்தது. இவர் முகம் வாடியதா என்று நான் அன்றைக்குப் பார்க்கவேயில்லை. மன்னிப்புக் கேட்டேன். “ஐயோ, அப்புடியெல்லாம் பேசாதீங்க,” என்று அவர் பதறிப்போய் எனக்கு மோர் கொடுத்தார்.

வெள்ளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது; வேர் நீள நேரமில்லை, முனை எட்டிப்பார்த்தாலே போதும். மெசினைக் குறைத்துத் தரும்படி பெரியவரிடம் ரங்கராஜ் கேட்டுப் பார்த்தார். “கொறைச்சுக் குடுக்கற சாமான் என் பட்டறையில செய்யறதில்ல,” என்று பதில் வந்தது. அதனால் மெசின் எச்சு, ஹார்மோனும் எச்சு, இரண்டு மில்லி. அன்று ராத்திரி வரை கூழ் காய்ச்சி ஊற்றினோம். குருத்துகளை எல்லாம் புதுப் பாட்டிலுக்கு மாற்றினோம். நானும் முகத்துணி கட்டிக்கொண்டு பாட்டில் கழுவினேன். பதினொரு வருடப் பழக்கம், பெண்களைவிட வேகமாகக் கழுவினேன். அந்த வேகத்தை மட்டும் எல்லோரும் மனதாரப் பாராட்டினார்கள்.

ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாளும் இல்லை. நான் சந்தகையைத் தொடவில்லை, வீடே கவலைப்பட்டது. ஏழாம் நாள் காலையில் துளசிமணி ஒரு பாட்டிலை என் கண்ணருகே நீட்டினார். குருத்தின் அடியில் கடுகளவு வெள்ளையாக இரண்டு முனை. நான் கத்திய கத்தலில் பட்டறையில் லேத்து நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை பெரியவர் குளித்து, திருமண் இட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். தறிக்காரரும் முன்பணத்தோடு வந்து ஓரமாக நின்றார். பெரியவர் அலமாரிகளிலிருந்து தன் கையாலேயே நூறு பாட்டில் எடுத்தார். ஒவ்வொன்றையும் வார்ப்பில் ஓட்டை தேடுகிறவர்போல் திருப்பித் திருப்பிப் பார்த்து, இருக்கிறது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம் வைத்தார். எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. எண்பத்தொன்று தேறியது.

பெரியவர் என் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தினார். பிறகு மகனைப் பார்த்துத் திரும்பினார். “சந்தோசந்தான். ஆனா ஒன்னு யோசிச்சயா? ஒவ்வொரு தடவையும் வேருக்கு மலேசியாவுல இருந்து நிபுணர் வரோணும்னா இது நம்மளுக்குத் தாங்குமா? அவரு போன பொறவு மறுபடி இதே கதைதான். பேசாம தறியே போட்டரலாம்.”

நான் முன்னால் வந்தேன். “ஐயா, நான் ஒண்ணும் செய்யலே. இவங்க முதல்லேயே சரியாத்தான் செஞ்சிட்டிருந்தாங்க. நான் வந்துதான் கெடுத்தேன்.”

“அப்புடிச் சொல்லப்படாதுங்க,” என்றார் பெரியவர்.

“உண்மையாத்தான் சொல்றேன். அளவு தெரியாம பாதி குறைச்சுட்டேன். பன்னெண்டு நாள் பாழ்.”

“பெரிய மனுசங்க அப்புடித்தான் தன்னடக்கமாப் பேசுவாங்க,” என்றார் தறிக்காரர் பரவசமாக.

“நான் நிபுணரே இல்லீங்க! பாட்டில் கழுவ வந்தவன்!”

“பாருங்க, எத்தன பணிவு,” என்றார் மயில்சாமி. ரங்கராஜே, “சார் அப்புடிச் சொல்லாதீங்க, உங்களாலதானுங்க,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எவ்வளவு கெஞ்சுகிறேனோ அவ்வளவுக்கு மரியாதை ஏறியது. மரியாதை ஏற ஏற ஷெட் கைநழுவிக்கொண்டிருந்தது. அழாத குறையாக நான் துளசிமணியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார், பாட்டில்களைப் பார்த்தார், வாசலில் நின்ற மற்றப் பெண்களைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“ஆமாங்க முதலாளி. சார் சொல்றது நெசந்தானுங்க,” என்றார். “கரைசலுக்குக் கறுப்புத் துணி சுத்தச் சொன்னது நல்ல ரோசனைங்க. அதுலதானுங்க ஏழு எட்டாச்சு. மத்ததெல்லாம் இவரு கெடுத்ததுங்க.”

விருந்தாளியை நேருக்கு நேர் குறை சொன்ன பேச்சை அந்த வளாகம் அதுவரை கேட்டிருக்காது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் திட்டியதில்லை. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. தலையைத் தலையை ஆட்டினேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் அம்மணி, அப்ப இவரு ஊருக்குப் போன பொறவு நீயே பாத்துக்குவியா?”

“இத்தன நாளும் நாந்தானுங்களே பாத்தேன்.”

பெரியவர் எண்பத்தொரு பாட்டில்களையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு தறிக்காரரைத் திரும்பிப் பார்த்து, “நீங்க வேற எடம் பாத்துக்குங்க,” என்றார். ரங்கராஜ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். துளசிமணியைத் தேடினேன். அவர் அதற்குள் சமையல்கட்டுக்குப் போய், மறுநாள் கூழுக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார்.